சின்ன உடம்புக் கிற்றார்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பார்த்து வாங்கும் முறை

நெக், அதாவது கம்பிகளை விரலால் அமர்த்தும் நீளக் கழுத்து, எந்தக் கோணத்தில் உடம்போடு சேர்கிறது என்பதுதான் ஒரு கிற்றாரை வாங்கலாமா, வைத்துவிட்டு வரலாமா என்று தீர்மானிக்கிறது. மரத்தின் பெயர், உள்ளே ஒட்டியிருக்கும் லேபல், வயது எல்லாம் அதற்குப் பிறகுதான். சின்ன உடம்புக் கிற்றாரில் மேற்பலகை மெல்லியது, அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாங்கிக் கட்டைகளும் ஒல்லியானவை. விரல் பட்டவுடன் அது பேசுவது இந்த இலேசான கட்டமைப்பால்தான். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஈரக்காற்றில் கிடக்கும்போது முதலில் வீங்குவதும் அதே மெல்லிய பலகைதான். ஆகவே கல்லடியிலோ கல்முனையிலோ இருந்து கிற்றார் பார்க்கப் போகிறவர் காதை நம்புவதற்கு முன் அளவுகோலை நம்ப வேண்டும்.

எது சின்னது

கடையில் சின்னக் கிற்றார் என்று கேட்டால் முக்கால் சைஸ் பிள்ளைகள் கிற்றாரை எடுத்துத் தந்துவிடுவார்கள். இங்கே பேசுவது பெரியவர்கள் முழுமையாக வாசிக்கக்கூடிய, உடம்பு மட்டும் சிறுத்த கிற்றார்களைப் பற்றி. அளவுப் பெயர்களில் பல அமெரிக்காவின் மார்ட்டின் கம்பனி வைத்தவை. உடம்பின் கீழ்ப்பக்கம் எங்கே அதிக அகலமோ அந்த இடத்தை அளந்தால், 0 என்பது 13.5 அங்குலம், 00 என்பது 14 அங்குலத்துக்குச் சற்று மேல், 000 என்பது 15 அங்குலம். வழமையான பெரிய உடம்புக் கிற்றாரான ட்ரெட்நோட் 15⅝ அங்குலம். அகலத்தில் 000க்கும் ட்ரெட்நோட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். வித்தியாசம் இடுப்பிலும் ஆழத்திலும் இருக்கிறது. 000இன் ஆழம் கிட்டத்தட்ட 105 மி.மீ., ட்ரெட்நோட்டினது 124 மி.மீ. நாற்காலியில் இருந்து ஒரு மணித்தியாலம் வாசித்தால் வலது தோள் அந்த 19 மில்லிமீற்றரை நன்றாகவே உணரும்.

சின்ன உடம்புக்கு வழங்கும் பார்லர் என்ற சொல்லை ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு அளவுக்கு வைக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு ரேப்பை வைத்து அளந்து பாருங்கள்.

யாருக்கு எது என்றால்: வீட்டில் இருந்து பாடுபவருக்கும், விரலால் கம்பி பறித்து வாசிப்பவருக்கும் 00 போதும். தேவாலயத்தில் மைக் இல்லாமல் பாடகர் குழுவோடு வாசிப்பவர் 000இற்குக் கீழே போகக்கூடாது. பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் இரவு முழுக்க பைலாவுக்கு அடித்து வாசிப்பவருக்குச் சின்ன உடம்பு பொருந்தாது. பிக் வைத்துப் பலமாக அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் கூடாது, நசுங்கும். எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைக்கு மட்டும் முக்கால் சைஸ் சரி. யமஹா ஜேஆர் வகை மாதிரி 540 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) உள்ளது அந்தக் கைக்கு எட்டும்.

ஸ்கேலும் கம்பியும்

தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் கட்டையான நட்டில் இருந்து பன்னிரண்டாம் பிரெட்டின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நடு வரைக்கும் அளந்து இரண்டால் பெருக்கினால் ஸ்கேல் நீளம் வரும். இதை விற்பவரிடம் கேட்காமல் நீங்களே அளக்கலாம். உடம்பு சிறுத்த எல்லாக் கிற்றாருக்கும் ஸ்கேலும் குறைவு என்றில்லை. மார்ட்டினின் 000 வழமையில் 24.9 அங்குலம், அதே உடம்போடு வரும் ஓஎம் 25.4 அங்குலம். யமஹா எஃப்எஸ்800 634 மி.மீ., அதே கம்பனியின் சிஎஸ்எஃப்1எம் 600 மி.மீ., டெய்லர் ஜிஎஸ் மினி 23.5 அங்குலம், லிட்டில் மார்ட்டின் 23 அங்குலம்.

ஸ்கேல் குறைந்தால் இரண்டு காரியம் நடக்கும். பிரெட்டுகள் நெருங்கும்: நட்டில் இருந்து மூன்றாம் பிரெட் வரை 650 மி.மீ. ஸ்கேலில் 103 மி.மீ., 600இல் 95 மி.மீ. எஃப் கோட் (பல கம்பிகளை ஒன்றாக அமர்த்தும் பிடி) பிடிக்கத் தவிக்கும் சின்னக் கைக்கு இந்த 8 மி.மீ. பெரிய உதவி. அடுத்தது, இழுவிசை குறையும். ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு முறுக்கும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அதனால் 650இல் இருந்து 600க்கு இறங்கினால் ஏறக்குறைய 15 வீதம் இழுவிசை போய்விடும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். குட்டிக் கிற்றார் தானே என்று மெல்லிய 10–47 கம்பி (முதற் கம்பி, ஆறாம் கம்பி இரண்டினதும் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குகளில்) போட்டுவிட்டு, கம்பி தளதளக்கிறது, சுருதி நிற்கவில்லை, பிரெட்டில் அடிக்கிறது என்று கிற்றாரைக் குறை சொல்வார்கள். 600 மி.மீ. பக்கத்தில் இருக்கும் புதிய கிற்றாருக்கு 12–53 போடலாம். 24.9 அங்குலத்தில் கட்டப்பட்ட பழைய, இலேசான கிற்றாருக்கு 11–52 போதும், தள்ளாடும் நிலையில் இருந்தால் 10–47.

இன்னொரு விடயம் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நைலோன் கம்பிக்குக் கட்டிய கிற்றாரில் இரும்புக் கம்பி போட்டு விற்பதுண்டு. நட் 50 மி.மீ. அளவில் அகலமாக இருந்து, தலைப்பகுதியில் நீளத் துவாரங்களும் தடித்த வெள்ளை உருளைகளும் இருந்து, பிரிட்ஜில் (மேற்பலகையில் ஒட்டிய, கம்பிகளின் அடிநுனி பூட்டும் மரத்துண்டு) ஊசிகள் இல்லாமல் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டும் அமைப்பு இருந்தால் அது நைலோன் கிற்றார். இரும்புக் கம்பியின் இழுப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. பிரிட்ஜ் பிய்ந்துவரும், அல்லது மேற்பலகை வயிறு மாதிரித் தள்ளும். தலையில் நீளத் துவாரம் மட்டும் இருப்பது அடையாளம் ஆகாது. பன்னிரண்டு பிரெட்டில் உடம்பைத் தொடும் இரும்புக் கம்பிக் கிற்றார் பலவற்றுக்கும் அப்படித்தான் தலை இருக்கும்.

பன்னிரண்டு பிரெட்டா, பதினான்கா என்பதும் கேட்டுத் தெரிவு செய்ய வேண்டியது. பன்னிரண்டில் நெக் உடம்பைத் தொட்டால் பிரிட்ஜ் கீழ்ப்பக்கத்து அகலத்தின் நடுவுக்கு நகரும், ஒலி நிறைந்து வரும், இடது கையும் கிட்டே வரும். மேல் பிரெட்டுகளுக்குப் போவது கஷ்டம். விரலால் மட்டும் வாசிப்பவருக்கு 00 உடம்பில் பன்னிரண்டு பிரெட் கிடைத்தால் அதை விடக்கூடாது என்பது எங்கள் கருத்து.

கையில் கொண்டுபோக வேண்டியவை

60 செ.மீ. இரும்பு அடிமட்டம் (தையல்காரரின் மர அடிமட்டம் நேராக இராது), அரை மில்லிமீற்றர் கோடுள்ள சின்ன அடிமட்டம், ரோச், ஒலித்துளைக்குள் நுழையக்கூடிய சின்னக் கண்ணாடி, போனில் ஒரு ரியூனர், கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரு பிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), ஒரு போட்டோக்கொப்பித் தாள். அந்தத் தாள் ஒன்றின் தடிப்பு கிட்டத்தட்ட 0.1 மி.மீ. மோட்டார் சைக்கிள் கராஜில் டெப்பட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் இரவலாகக் கிடைத்தால் தாளை விட நல்லது.

அளக்கும் ஒழுங்கு

ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் முதல் அளவு பிழைத்தால் அடுத்தது பொய் சொல்லும். முதலில் கிற்றாரைச் சரியான சுருதிக்கு ரியூன் செய்யுங்கள். ஒரு சுருதி இறக்கி வைத்திருந்தால் கோணல் நெக்கும் நேராகத் தெரியும். சுருதிக்கு ஏற்றினால் கம்பி அறுந்துவிடும் என்று விற்பவர் மறித்தால், புதுக் கம்பி செட் ஒன்றை நீங்களே கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் வேறு கிற்றார் பார்க்கலாம்.

இரண்டாவது, நெக்கின் வளைவு. முதலாம் பிரெட்டில் கேப்போ போட்டு, நெக் உடம்பைத் தொடும் இடத்துப் பிரெட்டில் தடித்த ஆறாம் கம்பியை அமர்த்துங்கள். நடுவில், ஆறாம் ஏழாம் பிரெட் பக்கம், கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையே தாள் இரண்டு அடுக்கு அளவு, அதாவது 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் நெக் பின்னால் வளைந்திருக்கிறது. 0.5 மி.மீ.க்கு மேல் என்றால் முன்னால் வளைந்திருக்கிறது. நெக்கின் உள்ளே ட்ரஸ் றொட் (வளைவைத் திருத்தத் திருகும் இரும்புக் கம்பி) இருந்தால் இதைத் திருத்தலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும், பிறகு சுருதி சரிபார்த்து மறுபடி அளக்க வேண்டும். றொட்டின் நுனியில் இறுகிக் கிடக்கும் திருகை பலவந்தமாகத் திருப்பினால் றொட் முறியும். முறிந்த றொட்டை மாற்ற விரற்பலகையையே கழற்ற வேண்டிவரும்.

மூன்றாவதுதான் நெக் கோணம். நீள அடிமட்டத்தை அதன் விளிம்பில் நிறுத்தி, மூன்றாம் நான்காம் கம்பிகளுக்கு நடுவே பிரெட்டுகளின் மேல் வையுங்கள். அதன் நுனி பிரிட்ஜை எங்கே சந்திக்கிறது என்று பாருங்கள். பிரிட்ஜ் மரத்தின் மேல்முகத்தை உரசிக்கொண்டு போனாலோ, மயிரிழை மேலே நின்றாலோ நல்லது. பிரிட்ஜின் முன்முகத்தில் ஒரு மில்லிமீற்றர் கீழே முட்டினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழே முட்டினால் நெக்கைக் கழற்றி, அடியைச் சீவி, மறுபடி பொருத்த வேண்டும். பசையால் பொருத்திய நெக்கில் அது நீராவி பாய்ச்சிச் செய்யும் வேலை. வீட்டுத் தளபாடம் செய்யும் ஓடாவி எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவரிடம் கொடுக்கும் வேலையல்ல. மலிவான கிற்றாருக்கு இந்தத் திருத்தக்கூலி கிற்றாரின் விலையைத் தாண்டும். டெய்லர் மாதிரி போல்ட்டில் பூட்டிய நெக் என்றால் கதை வேறு, கழற்றிப் பூட்டுவது இலகு.

நான்காவது ஆக்‌ஷன். பிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம் அது. பன்னிரண்டாம் பிரெட்டின் உச்சியில் இருந்து கம்பியின் அடி வரை: ஆறாம் கம்பிக்கு 2.4 மி.மீ., முதற் கம்பிக்கு 1.7 மி.மீ. என்றால் பெரும்பாலான கைக்குச் சுகம். கூடுதலாக இருந்தால் உடனே சேடிலை (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய துண்டு) பாருங்கள். பிரிட்ஜுக்கு மேலே சேடில் 3 மி.மீ. தெரிந்தால் சீவ இடம் இருக்கிறது. பன்னிரண்டாம் பிரெட்டில் அரை மில்லிமீற்றர் இறக்க, சேடிலில் ஒரு மில்லிமீற்றர் சீவ வேண்டும். ஆக்‌ஷன் 3.5 மி.மீ. இருந்து, சேடில் ஏற்கெனவே ஒரு மில்லிமீற்றர்தான் மிச்சம் என்றால், முன்பு ஒருவர் கோணல் நெக்கைச் சேடிலைச் சீவி மறைத்திருக்கிறார். பிரிட்ஜ் மரத்தையே சீவி மெலிய வைத்திருப்பதும் உண்டு. அதன் தடிப்பு 8 முதல் 9.5 மி.மீ. இருக்க வேண்டும்.

பிறகு பிரிட்ஜின் பின் விளிம்பு. தாளின் மூலையை அடியில் செருகிப் பாருங்கள். நுழையாவிட்டால் நல்லது. ஒரு மில்லிமீற்றருக்கு மேல் உள்ளே போனால் பசை விடத் தொடங்கிவிட்டது. பிரிட்ஜ் நடுவே ஆணியோ போல்ட்டோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் பழைய கிப்சன்களிலும் யமஹா எஃப்ஜிகளிலும் முத்துப் புள்ளிகளுக்கு அடியில் கம்பனியே போல்ட் வைத்ததுண்டு, அது குற்றமல்ல. பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை சற்று மேடாக இருப்பதும் இயல்பு. பிரிட்ஜுக்கும் ஒலித்துளைக்கும் நடுவே பள்ளம் விழுந்து, பின்னால் வயிறு தள்ளியிருந்தால் உள்ளே தாங்கி ஒன்று விட்டுப்போயிருக்கும்.

ரோச்சையும் கண்ணாடியையும் உள்ளே விடுங்கள். கம்பிகளின் உருண்டை நுனி பிரிட்ஜுக்கு அடியிலுள்ள பலகையில் அமர்ந்திருக்க வேண்டும், அந்தப் பலகையைத் தின்று மேலேறியிருக்கக்கூடாது. பிறகு மேற்பலகையைக் கைவிரல் மொளியால் இலேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். தாங்கி விட்ட இடத்தில் நறநறவென்று ஒரு சத்தம் வரும். கறையானின் மண் வரியோ, குண்டூசித் துளைகளும் அடியில் மாப்போல மரத்தூளுமோ தெரிந்தால் அந்தக் கிற்றாரை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். உளுத்த மரம் மற்ற மரத்தையும் கெடுக்கும். வெறும் பூஞ்சணம் என்றால் பயமில்லை, துடைத்து நிழலில் காற்றாட வைத்தால் போகும்.

கடைசியாகக் காது. பன்னிரண்டாம் பிரெட்டில் அமர்த்திய சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் (கம்பியை அமர்த்தாமல் மேலே தொட்டுப் பறிக்கும் சுரம்) ரியூனரில் 5 சென்ட்டுக்குள் (சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) ஒத்துவர வேண்டும். முதற் கம்பியில் ஏழு முதல் பத்தாம் பிரெட் வரை ஒவ்வொன்றாக மெல்லப் பறித்துக் கேளுங்கள். சின்ன உடம்பு மெலிந்து போவது அங்கேதான். அங்கேயும் சுரம் உருண்டு வந்தால் அது நல்ல கிற்றார். தெருப்பக்கத்துக் கடையில் ஓட்டோச் சத்தத்துக்கு நடுவே இதைக் கேட்க முடியாது, பின்னறைக்குப் போய்க் கேளுங்கள்.

பழையது என்றால்

பழைய கிற்றார் இங்கே மூன்று வழியாகக் கைக்கு வரலாம்: பறங்கியர் வீடுகளிலோ தேவாலயங்களிலோ பல காலம் கிடந்தது, வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்தது, அறுகம்பேயில் பயணிகள் ஊர் திரும்பும்போது விட்டுச்செல்வது. வயதை விற்பவரின் வாய்ச்சொல்லில் கணிக்காதீர்கள். ஒலித்துளைக்குள்ளே லேபலில் நிப்பொன் காக்கி என்று இருந்தால், அது அந்தக் கம்பனி யமஹா கோப்பரேஷன் என்று பெயர் மாறிய 1987க்கு முந்தியது என்று கொள்ளலாம். சிவப்பு லேபல் எஃப்ஜி180 வரத் தொடங்கியது 1966இல், ஆனால் அது சின்ன உடம்பல்ல. மார்ட்டின் என்றால் உள்ளே நெக் கட்டையில் தொடரிலக்கம் குத்தியிருக்கும், அதை வைத்து ஆண்டைப் பார்க்கலாம். மார்ட்டின் 1985 வரைக்கும் திருப்பக்கூடிய ட்ரஸ் றொட் வைக்கவில்லை. எனவே அதற்கு முந்திய மார்ட்டினில் நெக் வளைவு பிழை என்றால் சாவி போட்டுத் திருத்த வழியில்லை. கிப்சன் 1920களிலேயே றொட் வைக்கத் தொடங்கிவிட்டது.

1920களுக்கு முந்திய அமெரிக்கப் பார்லர் கிற்றார்களில் பல குடல் கம்பிக்காகக் கட்டப்பட்டவை. மார்ட்டின் முதன்முதலாக இரும்புக் கம்பிக்கென்றே வழமையாக விற்ற மொடல் 1922இன் 2–17. அதற்கு முந்தியது கைக்கு வந்தால் நைலோன் கம்பியோ, குறைந்த இழுவிசைக் கம்பியோ மட்டும் போடுங்கள்.

குளிர் நாட்டில் இருந்து வருவதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். ஹீற்றர் ஓடும் வீட்டில் மரம் வருடக்கணக்கில் வறண்டு, மேற்பலகையின் நடு இணைப்பிலோ பிக்கார்ட் ஓரத்திலோ வெடித்திருக்கும். இங்கே வந்ததும் ஈரம் குடித்து வெடிப்பு மூடிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. ரோச்சை உள்ளே வைத்து அறை வெளிச்சத்தை அணைத்துப் பார்த்தால் கோடாகத் தெரியும். உள்ளே சின்ன மரத்துண்டுகள் ஒட்டித் திருத்தியிருந்தால் வெடிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெளியே இருந்து எப்பொக்சி பூசியிருந்தால்தான் கவலை, சரியாகத் திருத்துவதற்கு முன் அதைச் சுரண்டி எடுக்க வேண்டிவரும். பிரேசில் ரோஸ்வுட் பின்பலகை உள்ள கிற்றார் 1992 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) முதலாம் இணைப்பில் வருவதால், அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோகக்கூடாது.

எங்கள் தீர்ப்பு: நெக் கோணம் தேறாத பழைய கிற்றாரை, எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், இந்தக் கரையில் முதற் கிற்றாராக வாங்கக்கூடாது. தேறியதை, வார்னிஷ் உரிந்து கிடந்தாலும் வாங்கலாம்.

புதியது என்றால்

மேற்பலகை மட்டும் சொலிட் (அடுக்கில்லாத தனி மரம்), பக்கமும் பின்னும் ஒட்டுப்பலகை: இந்தச் சேர்க்கைதான் நம் காற்றுக்குப் பொருத்தம். எஃப்எஸ்800, சிஎஸ்எஃப்1எம், ஜிஎஸ் மினி மூன்றும் அப்படிப்பட்டவை. ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்தால் சொலிட்டா என்று தெரியும். மேலே ஓடும் மரக்கோடு விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் சொலிட், சான்ட்விச் மாதிரி அடுக்குத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழுக்கச் சொலிட் மரம் அழகாகப் பாடும், ஆனால் பராமரிக்க நேரமும் நல்ல கேசும் இல்லாதவருக்கு அது வேண்டாம். கடற்கரைக்கும் பஸ்ஸுக்கும் கொண்டு திரிபவருக்கு லிட்டில் மார்ட்டினில் வரும் உயரழுத்த லெமினேட் பின்பலகை ஈரத்துக்கு அசையாது.

நட் அகலம் 43 மி.மீ. கோட் பிடித்து வாசிப்பவருக்கு, 44.5 மி.மீ. விரல் பறிப்பவருக்கு.

மாரியும் கச்சான் காற்றும்

வாங்கிய மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் அளந்த ஆக்‌ஷன் ஈரம் குடித்த பலகையின் ஆக்‌ஷன். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் பலகை இறங்கும், மாரியில் சுகமாக இருந்த கிற்றார் அப்போது பிரெட்டில் நறநறக்கலாம். அதனால் மாரியில் 2.6 மி.மீ. இருந்தால் உடனே சேடிலைச் சீவாதீர்கள், கச்சான் வரும் வரை பொறுங்கள். அம்பாறை நகரம் மாதிரிக் கடலுக்குத் தள்ளிய இடத்தில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

கேசுக்குள் ஈரப்பதம் 45 முதல் 60 வீதம் நின்றால் போதும். டிஜிற்றல் ஈரமானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அது சரியா என்று உப்பால் சோதிக்கலாம். போத்தல் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பைச் சில துளி தண்ணீர் விட்டுக் களியாக்கி, ஈரமானியோடு காற்றுப் புகாத பையில் எட்டு மணித்தியாலம் வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். ஈரத்தை இழுக்க சிலிக்கா ஜெல் பை போடுங்கள். அரிசி போடாதீர்கள், அது இழுப்பது குறைவு, வண்டு வரும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் கிற்றாரைத் தொங்கவிடக்கூடாது. தகரக் கூரைக்கு அடியில் அலுமாரி மேலும், பூட்டிய வாகனத்தினுள்ளும் வைக்கக்கூடாது. அந்தச் சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் மெல்ல முன்னால் சாயும்.

கம்பிக்கு உப்புக்காற்று எதிரி. பூச்சுள்ள கம்பி விலை கூட, ஆனால் கல்லடி, காரைதீவு, திருக்கோவில் மாதிரிக் கடலோரத்தில் அது மற்றதை விட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே நெக் வளைவு, ஆறாம் கம்பி ஆக்‌ஷன், சேடில் உயரம் மூன்றையும் திகதியோடு ஒரு துண்டில் எழுதி கேசுக்குள் ஒட்டிவிடுங்கள். தை மாதத்தில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை அதே மூன்றையும் அளந்து அதன் கீழே எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆக்‌ஷன் அரை மில்லிமீற்றருக்கு மேல் மாறினால் எலும்பில் இரண்டு சேடில் செய்வித்து, உயரமானதைக் கச்சானுக்கும் தாழ்ந்ததை மாரிக்கும் மாற்றிப் போடலாம். கம்பி மாற்றும் நாளில் செய்தால் பத்து நிமிட வேலை.